எரிமலைக்கு அடியில் நில அதிர்வுகள் கூடினால் வெடிப்பு நிச்சயமா?

இந்தோனேசியாவின் பாலித் தீவில் உள்ள ஆகுங் எரிமலைக்கு அடியில் அதிர்வுகள் கொத்தாக வந்தால் டிசம்பர் விடுமுறைப் பயணத்தை ரத்து செய்ய வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். 2017 செப்டம்பரில் அங்கே அதிர்வுகள் பெருகி, 22ஆம் தேதி எச்சரிக்கை உச்ச நிலைக்குப் போனது. அக்டோபர் கடைசியில் அவை குறைந்ததும் எச்சரிக்கையை ஒரு படி இறக்கினார்கள். நவம்பர் 21ஆம் தேதி வெடித்தது. சில நாளில் சாம்பலால் விமான நிலையத்தையே மூடினார்கள். பாறையை உடைத்து வழி திறந்தபின் மாக்மா (நிலத்தடியில் உருகிய பாறைக் குழம்பு) அதிகம் அதிராமலே ஏற முடியும்.

அதனால் ஆய்வாளர்கள் அதிர்வின் இடத்தையும் வகையையும் பார்க்கிறார்கள். ஓர் அதிர்விலிருந்து வேகமான அலை முதலிலும் மெதுவான அலை அடுத்தும் அளவீட்டு நிலையத்துக்கு வரும். இரண்டுக்கும் 1 வினாடி இடைவெளி என்றால், கடினப் பாறையில் அதிர்வின் மையம் நிலையத்திலிருந்து சுமார் 8 கி.மீ. தள்ளி இருக்கும். பல நிலையங்களின் நேரத்தைச் சேர்த்தால் இடம் தெரியும். ஆழம்தான் படுத்தும்: மலைக்கு அருகிலேயே கருவி இல்லாவிட்டாலும், இளகிய சாம்பல் அடுக்கில் அலை மெதுவாகப் போவதைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும் கிலோமீட்டர் கணக்கில் பிசகும்.

வெடுக்கென்று தொடங்கும் அதிர்வு பெரும்பாலும் பாறை உடைவது. மந்தமாகத் தொடங்கி, 5 ஹெர்ட்ஸுக்குக் கீழே (வினாடிக்கு 5 அசைவுக்கும் குறைவாக) நீள்வது, பெரும்பாலும் விரிசலில் வாயுவோ திரவமோ நகர்வது. இந்த இரண்டாவது பெருகி, நிலமும் உப்பி, வெளிவரும் கந்தக டைஆக்சைடு வாயுவும் கூடினால் உண்மையிலேயே கவலைப்படலாம்.

பயணக் காப்பீட்டை எச்சரிக்கை வருமுன்பே வாங்குங்கள். செய்தியான பிறகு வாங்கினால் பெரும்பாலும் பணம் கிடைக்காது.