நாகோயா ஓபி: தைக்கோ முடிச்சு அரை மணியில் தொங்கிப்போவது ஏன்?

கிமோனோவின் இடுப்பில் சுற்றும் அகலப் பட்டையான நாகோயா ஓபியில், முதுகில் பெட்டி போல் போடும் தைக்கோ முடிச்சு அரை மணி நேரத்தில் தொங்கிவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். ஓபிக்கு மேலே கட்டும் ஓபிஜிமே கயிற்றை இன்னும் இறுக்கிப் பயனில்லை. நீங்கள் சொல்வதுபோல் முடிச்சு முதுகைவிட்டு விலகித் தொங்கினால், கோளாறு முடிச்சுக்கு உருவம் தர உள்ளே வைக்கும் மகுரா என்ற சிறு திண்டில்தான்.

பெரும்பாலும் நடப்பது இது: மகுராவின் நாடாவை முன்பக்கம் ஓபியின் மேல்விளிம்பிலேயே கட்டி விட்டுவிடுவோம். கட்டிய பிறகு அந்த நாடா முடிச்சை ஓபிக்குள், விரல் போகும் ஆழத்துக்குக் கீழே தள்ள வேண்டும். அப்போதுதான் நாடா திண்டை முதுகோடு இழுத்துப் பிடிக்கும். ஓபியின் மேல்விளிம்பில் செருகும் ஓபியாகே துணி திண்டை மூடி மறைக்க மட்டுமே, எடையைத் தாங்காது.

சரிபார்க்க, கையைப் பின்னால் கொண்டுபோய்த் திண்டுக்கும் முதுகுக்கும் இடையே விரலை விடுங்கள். தாராளமாக நுழைந்தால் நாடாவை மட்டும் அவிழ்த்து மறுபடி கட்டினால் போதும்.

திண்டு ஒட்டியிருந்தும் ஓபி மொத்தமாக இறங்குகிறதா? அப்படியானால் சுற்றே தளர்வு. இரண்டாம் சுற்றில் கீழ்விளிம்பைப் பிடித்து இழுங்கள். மேல்விளிம்பை இறுக்கினால் நெஞ்சுக்குழி அழுந்தி மூச்சு முட்டும், ஓபியும் நிற்காது.

ஒன்று: இடுப்பு உள்வாங்கிய உடல்வாகு என்றால் கிமோனோவுக்கு அடியில் மடித்த துண்டு வைக்காமல் இவை எதுவும் நெடுநேரம் தாங்காது.