பீட்டர் டோஷின் தனி ஆல்பங்கள்: எதில் தொடங்கலாம், எதை விடலாம்

வாசகர் கேள்வி: பாப் மார்லியின் ஜமைக்கா ரெகே குழுவான வெய்லர்ஸ் பாட்டுகளைக் கேட்கப் போய் அதில் பாடிய பீட்டர் டோஷின் குரலில் மாட்டிக்கொண்டேன். அவருடைய தனி ஆல்பங்களைச் சேர்க்க ஆசை. வீட்டில் ரெக்கார்டு பிளேயர், சிடி பிளேயர் இரண்டும் உண்டு, பணம் அளவாகத்தான் உண்டு. ஒரே ஆல்பத்துக்கு ஏழெட்டுப் பதிப்புகள் தெரிகின்றன, விலையும் தாறுமாறாக இருக்கிறது. பழைய ஒரிஜினலைத்தான் வாங்க வேண்டுமா? எங்கிருந்து தொடங்குவது?

முதலில் ஒரு நல்ல செய்தி. டோஷைச் சேர்ப்பது ஒரு ஆளால் முடிகிற காரியம். கிரெகரி ஐசக்ஸ், டென்னிஸ் பிரவுன் போன்ற ரெகே பாடகர்கள் பல தயாரிப்பாளர்களிடம் பாடிக் குவித்தவர்கள், அவர்களை முழுசாகச் சேர்க்க ஆயுசு போதாது. டோஷ் 1974-ல் வெய்லர்ஸை விட்டு வந்த பிறகு, 1976 முதல் 1987 வரை வெளியிட்ட ஸ்டுடியோ ஆல்பங்கள் மொத்தம் ஏழுதான். அவர் உயிரோடு இருந்தபோது வந்த நேரடிக் கச்சேரி ஆல்பம் ஒன்று. ஆக எட்டு.

ஒரிஜினல் வேண்டுமா என்று கேட்டீர்கள். எல்லாவற்றுக்கும் வேண்டாம். டோஷ் விஷயத்தில் பதிப்புக்குப் பதிப்பு மாறுவது அட்டையின் வயசு மட்டும் இல்லை, உள்ளே இருக்கிற சரக்கே மாறுகிறது. சில ஆல்பத்தில் மிக்ஸ், அதாவது பதிவான குரலையும் வாத்தியங்களையும் கலந்த விதம், வேறு, சில ஆல்பத்தில் பாட்டுகளே வேறு. அதனால் இது எந்த வருஷத்து ரெக்கார்டு என்பதற்கு முன்னால், இதில் எந்த மிக்ஸ், எந்தெந்தப் பாட்டு என்று பாருங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பணம் மிச்சம்.

தொடக்கம் 1977-ல் வந்த 'ஈக்வல் ரைட்ஸ்'. முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாக வாங்க வேண்டும் என்று மனசு சொல்லும், கேட்காதீர்கள். மனிதரின் கோபமும் நிதானமும் ஒரே இடத்தில் முழுசாகக் கிடைப்பது இதில்தான். மார்லியோடு சேர்ந்து எழுதி வெய்லர்ஸோடு பாடிய 'கெட் அப், ஸ்டாண்ட் அப்' பாட்டை இதில் தனி ஆளாகப் பாடியிருக்கிறார், கேட்டால் அதே பாட்டு வேறு ஒரு மனிதரின் வாக்குமூலம் மாதிரி இருக்கும். 'ஸ்டெப்பிங் ரேசர்' அவருடைய பட்டப்பெயராகவே ஆகிவிட்டது, ஆனால் எழுதியவர் ஜோ ஹிக்ஸ், கிங்ஸ்டனின் டிரெஞ்ச்டவுன் பகுதியில் வெய்லர்ஸ் பையன்களுக்குச் சேர்ந்து பாடக் கற்றுக்கொடுத்தவர். கடைசிப் பாட்டு 'அபார்ட்ஹைட்'. ராபி ஷேக்ஸ்பியரின் பேஸ் கிட்டாருக்காகவே இதை நல்ல ஸ்பீக்கரில் கேட்க வேண்டும், போன் ஸ்பீக்கரில் கேட்டால் பாட்டில் பாதி காணாமல் போய்விடும்.

அடுத்தது 1976-ன் 'லீகலைஸ் இட்'. கஞ்சாச் செடிகளுக்கு நடுவில் புகைக்குழாய் பிடித்தபடி டோஷ் உட்கார்ந்திருக்கும் அந்த அட்டையைப் பார்த்திருப்பீர்கள். தலைப்புப் பாட்டை ஜமைக்கா வானொலியில் தடை செய்தார்கள். மிக்ஸ் விவகாரம் இந்த ஆல்பத்தில்தான் முக்கியம். உலகம் முழுக்க விற்றது ஒரு மிக்ஸ், ஜமைக்காவின் மூல மிக்ஸ் வேறு. 2011-ல் வந்த 'லெகசி எடிஷன்' இரட்டை சிடியில் இரண்டும் இருக்கின்றன. 'இக்ஸியபெஹர்' பாட்டை ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மிக்ஸிலும் போட்டுக் கேளுங்கள், பதிப்பு ஏன் முக்கியம் என்று நான் பத்தி பத்தியாகச் சொல்வதைவிட அது தெளிவாகச் சொல்லிவிடும். 'ஈக்வல் ரைட்ஸ்' ஆல்பத்துக்கும் அதே வருஷம் இதே மாதிரி ஒரு பதிப்பு வந்தது, அதில் அந்தக் காலத்தில் பதிவாகி ஆல்பத்தில் சேராமல் போன பாட்டுகளும் உண்டு. பணம் அளவு என்பதால் சொல்கிறேன், இந்த இரண்டையும் சிடியாகவே வாங்குங்கள். ரெக்கார்டு பிறகு ஆசைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

ஆசை வந்தே தீரும், அப்போது கவனிக்க வேண்டியது இது. இந்த இரண்டும் அமெரிக்காவில் கொலம்பியா லேபிளில் (வெளியிடும் நிறுவனத்தின் பெயரில்), பிரிட்டனில் வர்ஜின் லேபிளில் வந்தன. கொலம்பியா எண் 'லீகலைஸ் இட்' ஆல்பத்துக்கு 34253, 'ஈக்வல் ரைட்ஸ்' ஆல்பத்துக்கு 34670. ஆனால் அந்த எண் இருந்தாலே முதல் பதிப்பு என்று நம்பிவிடாதீர்கள், பின்னால் அடித்தவற்றிலும் அதே எண்தான் போட்டார்கள். அட்டையின் பின்புறம் பார்கோடு இருந்தால் பிற்காலத்தது. அப்புறம் ரெக்கார்டை மேசை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்து, கடைசிப் பாட்டுக்கும் நடுவில் ஒட்டிய லேபிள் தாளுக்கும் இடையில் இருக்கும் வெற்று வளையத்தைப் பாருங்கள். அங்கே ஊசியால் கீறின மாதிரியோ முத்திரை குத்தின மாதிரியோ எண்கள் இருக்கும். அதுதான் மேட்ரிக்ஸ் எண், எந்த அச்சிலிருந்து வந்தது என்று சொல்வது அதுதான். இணையத்தில் வாங்கினால் அந்த இடத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

1978-ன் 'புஷ் டாக்டர்', 1979-ன் 'மிஸ்டிக் மேன்', 1981-ன் 'வான்டெட் டிரெட் அண்ட் அலைவ்' மூன்றும் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் சொந்த லேபிளில் வந்தவை. 'புஷ் டாக்டர்' கட்டாயம் வாங்குங்கள். மிக் ஜாகரோடு சேர்ந்து பாடும் 'டோன்ட் லுக் பேக்' அதில்தான் இருக்கிறது, டெம்ப்டேஷன்ஸ் பாடிய பழைய பாட்டு, கீத் ரிச்சர்ட்ஸின் கிட்டாரும் ஆல்பத்தில் உண்டு. சில ரெகே ரசிகர்கள் இந்தக் காலத்தை மட்டம் தட்டுவார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை, பெரிய மேடை கிடைத்தபோதும் அவர் சொல்ல வந்ததை விட்டுக்கொடுக்கவில்லை. 'மிஸ்டிக் மேன்' மட்டும் கையில் காசு இருக்கும்போது வாங்கினால் போதும்.

'வான்டெட்' வாங்கும்போது ஜாக்கிரதை. நாட்டுக்கு நாடு பாட்டு வரிசை மாறுகிறது. ஒரு நாட்டுப் பதிப்பில் இருக்கிற பாட்டு இன்னொன்றில் இருக்காது, அட்டையோ ஒரே அட்டை. விற்பவர் படத்தில் பின் அட்டையைப் பெரிதாக்கி, உங்களுக்கு வேண்டிய பாட்டு இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் வழியாக வந்த இந்தக் காலத்து ஆல்பங்கள் 2002-ல் கூடுதல் பாட்டுகளோடு சிடியாக வந்தன, ஒரே ஒரு பிரதி போதும் என்றால் அந்த வரிசையில் தேடுங்கள்.

1983-ன் 'மாமா ஆப்பிரிக்கா' பலர் தாண்டிப் போகிற ஆல்பம், சக் பெர்ரியின் 'ஜானி பி. குட்' பாட்டை அதில் ரெகேயாக்கியிருக்கிறார். அடுத்த வருஷம் வந்த 'கேப்சர்ட் லைவ்' லாஸ் ஏஞ்சல்ஸ் கிரீக் தியேட்டர் கச்சேரி, மேடையில் அந்த மனிதர் எப்படி இருந்தார் என்று தெரிய இதைவிட நல்ல வாசல் இல்லை. கடைசி ஆல்பம் 'நோ நியூக்ளியர் வார்' 1987-ல் வந்தது. அதே வருஷம் செப்டம்பர் 11-ல் கிங்ஸ்டனில் அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றுவிட்டார்கள், வயது 42. மறு வருஷம் அந்த ஆல்பத்துக்கு ரெகே பிரிவில் கிராமி கிடைத்தது. இதை வரிசையில் கடைசியாகவே வாங்குங்கள், மற்றவற்றையெல்லாம் கேட்டு முடித்த காதோடு கேட்க வேண்டிய ஆல்பம் அது.

தொகுப்பு ஆல்பங்களில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 'தி டஃபெஸ்ட்' என்ற பெயரிலேயே இரண்டு தொகுப்புகள் இருக்கின்றன. ஒன்றில் ஈ.எம்.ஐ. காலத்துப் பாட்டுகள், ஹார்ட்பீட் லேபிள் போட்ட இன்னொன்றில் பெரும்பாலும் 60-களில் ஜமைக்காவின் ஸ்டுடியோ ஒன் என்ற ஸ்டுடியோவில் பதிவான இளவயதுப் பாட்டுகள். இரண்டும் நல்ல தொகுப்புகள்தான், ஆனால் ஒன்றை நினைத்து மற்றொன்றை வாங்கினால் கசப்பாகிவிடும். 1997-ல் வந்த 'ஆனரரி சிட்டிசன்' மூன்று சிடி பெட்டி நியாயமான விலைக்குக் கிடைத்தால் விடாதீர்கள். அவருடைய சொந்த லேபிளான இன்டெல் டிப்லோவில் வந்த ஜமைக்கா சிங்கிள்களை (பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்கும் சின்ன ரெக்கார்டுகளை) தேடிப் போவது தனிப் பைத்தியம், எனக்கும் அது உண்டு. ஆனால் ஜமைக்காவில் அடித்த ரெக்கார்டில் கரகரப்பு சகஜம், நடு ஓட்டையும் பெரிதாக இருக்கும், அடாப்டர் வேண்டும். அதை இப்போது தொடாதீர்கள்.

ரெக்கார்டின் நிலைமையைப் பற்றி ஒரு வார்த்தை. நான் ஒரு முறை படத்தை மட்டும் நம்பி, 'மிக நல்ல நிலை' என்று போட்டிருந்த 'புஷ் டாக்டர்' ஒன்றை வரவழைத்தேன். மேற்பரப்பில் ஒரு கீறல் இல்லை, கண்ணாடி மாதிரி இருந்தது. பிளேயரில் வைத்தால் ஊசி படகு மாதிரி ஏறி இறங்கியது, வெயிலில் எங்கோ வளைந்திருக்கிறது. படத்தில் வளைவு தெரியாது. அன்றிலிருந்து சமதளத்தில் வைத்து பக்கவாட்டிலிருந்து எடுத்த ஒரு வீடியோ கேட்காமல் நான் பணம் அனுப்புவதில்லை. நேரில் வாங்கினால் கண் மட்டத்தில் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். கீறல் மேல் நகத்தை லேசாக ஓட்டுங்கள், நகம் தட்டினால் பாட்டிலும் தட்டும். நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால் எத்தனையோ தடவை ஓடிய ரெக்கார்டு என்று அர்த்தம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் சுங்க வரியும் சேர்ந்து ரெக்கார்டு விலையையே தாண்டிவிடலாம், அதனால் ஒரே விற்பனையாளரிடம் மூன்று நான்காகச் சேர்த்து வாங்குங்கள். அட்டைக்குள் வைத்து அனுப்பாமல், ரெக்கார்டைத் தனியாக எடுத்து அட்டைக்குப் பின்னால் வைத்துக் கட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் வழியில் ரெக்கார்டு அசைந்து அட்டையின் விளிம்பைக் கிழித்துவிடும். வந்ததும் நிற்க வைத்து அடுக்குங்கள், ஒன்றன்மேல் ஒன்றாகப் போடாதீர்கள், ஜன்னல் வெயில் படுகிற அலமாரி வேண்டவே வேண்டாம்.

இந்த மாதம் 'ஈக்வல் ரைட்ஸ்' இரட்டை சிடியை மட்டும் வாங்குங்கள். அடுத்ததை இரண்டு மாதம் கழித்துப் பார்க்கலாம்.