தாங்கும் மனம் – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஆர்டர் குறைந்ததும் ஆட்களைக் குறைத்தார்கள், என் வேலையும் போனது. நான்கு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. என்னோடு வேலை இழந்த சித்தப்பா மகன் மறுவாரமே மளிகைக் கடை ஒன்றில் சேர்ந்துவிட்டான். "அவனைப் பாரு, உனக்கு மனசுல தைரியம் பத்தாது" என்கிறார் மாமா. என் அப்பா குடிகாரர். வீட்டில் எப்போதும் அடி, சண்டை, கடன். பாதி நாள் அம்மாயி வீட்டில்தான் கிடப்பேன். அப்படி வளர்ந்ததால்தான் இப்படி இருக்கிறேனா? இந்த 36 வயதில் மனதைத் திடப்படுத்திக்கொள்ள முடியுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

மாமா உங்கள் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. உங்களைப் போன்ற வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளைப் பிறப்பிலிருந்து நாற்பது வயதுவரை தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று இருக்கிறது. உங்கள் கேள்விக்கு அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

ஹவாய்த் தீவுகளில் ஒன்று கவாய். 1955-இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பின்தொடர்ந்தார்கள். பல குடும்பங்கள் கரும்பு, அன்னாசித் தோட்டங்களில் கூலி வேலை பார்த்தவை. மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு நிலைமை மிக மோசம்: வறுமை, பிரசவச் சிக்கல், ஓயாத சண்டை, குடிக்கும் தகப்பன் அல்லது மனநோய் உள்ள தாய் என்று பல சேர்ந்திருந்தன. இவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பள்ளியிலும் வெளியிலும் பெரிய சிக்கல்களில் மாட்டிக்கொண்டார்கள். மீதி மூன்றில் ஒரு பங்கினர், அதே வீடுகளிலிருந்து வந்தும், நன்றாக வளர்ந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்குச் சில இயல்புகள் பிறவியிலேயே இருந்தன என்பது உண்மைதான். கைக்குழந்தையாக இருக்கும்போதே எல்லாரிடமும் ஒட்டிக்கொள்கிறவர்களாக இருந்தார்கள். ஆனால் வெர்னர் திரும்பத் திரும்பக் கண்டது வேறொன்று. பெற்றோர் சரியில்லாதபோதும் அந்தப் பிள்ளையைத் தன்னுடையதாக நினைத்த ஒரு ஆளாவது இருந்தார். பாட்டி, அத்தை, அக்கா, சில நேரம் ஒரு டீச்சர். அப்புறம், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது போல, அவர்களை நம்பி விடப்பட்ட ஒரு பொறுப்பும் இருந்தது. உங்கள் அம்மாயி இந்தக் கணக்கில் வருகிறார், தம்பி. குடிகாரத் தகப்பனை மட்டும் வைத்து உங்கள் இளமையை எடை போடாதீர்கள்.

இன்னொன்றைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். வளரும் வயதில் தடம் மாறியவர்களை முப்பதுகளிலும் நாற்பதிலும் மறுபடி பார்த்தபோது, அவர்களில் பெரும்பாலோர் தேறியிருந்தார்கள். சிலர் மறுபடி கல்லூரியில் சேர்ந்து படித்திருந்தார்கள், சிலர் ராணுவத்துக்குப் போயிருந்தார்கள், சிலருக்கு நல்ல துணை அமைந்திருந்தது, சிலர் ஒரு தேவாலயச் சபையோடு சேர்ந்திருந்தார்கள். அதாவது ஆட்களும் வேலையும் கிடைத்த பிறகுதான் மனம் தேறியது. மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு அப்புறம் வெளியே போகலாம் என்று நீங்கள் அறைக்குள் காத்திருப்பது அதனால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

சித்தப்பா மகனோடு ஒப்பிடுவதையும் விடுங்கள். அவனுக்குக் கடன் எவ்வளவு, வீட்டில் இன்னொரு சம்பளம் வருகிறதா, அவன் ராத்திரி தூங்குகிறானா, இதெல்லாம் உங்களுக்கும் மாமாவுக்கும் தெரியுமா? தாங்கும் சக்தியை ஆளுக்குள் மட்டும் தேடுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது. ஆட்களைப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கிவிட்டு மன அழுத்தத்தைச் சமாளிக்க வகுப்பு நடத்தும் நிறுவனங்கள்மேல் எனக்குக் கோபம் வருவதும் இதனால்தான்.

உங்களுக்குக் கணக்கு தெரியும். தெரிந்த கடைக்காரர் ஒருவருக்கு ஜிஎஸ்டி கணக்கைப் பார்த்துக் கொடுங்கள், காசு குறைவாக வந்தாலும் பரவாயில்லை. வாரத்தில் இந்த நாள், இந்த நேரம் என்று ஒருவர் உங்களை எதிர்பார்க்க வேண்டும். அறிவுரை சொல்லாமல் கேட்கத் தெரிந்த நண்பர் ஒருவரோடு தினமும் கொஞ்ச தூரம் நடங்கள். பேச்சு வராவிட்டாலும் சரி, நடங்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பு இல்லாமல் இரண்டு வாரம் தொடர்ந்தாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பார்கள். உங்களுக்கு நான்கு மாதம் ஆகிவிட்டது. இது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அப்படியிருந்தால் அதற்குச் சிகிச்சை இருக்கிறது. அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு எங்கே என்று விசாரித்துப் போங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416-ஐக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது, கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். வாழ்ந்து என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு ஒரு தடவை வந்திருந்தால்கூட நாளைக்குத் தள்ளாமல் இன்றைக்கே பேசுங்கள். பேசிவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.