யாழினி: புதுப் பெயர், பழைய விகுதி

ஐயா, வணக்கம்.

போன மாதம் பிறந்த எங்கள் மகளுக்கு 'யாழினி' என்று வைக்க ஆசை. மாமனார், "இனிமேல் யாழ் என்றல்லவா பொருள் வருகிறது? இதெல்லாம் ஒரு பேரா?" என்கிறார். ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதிலும் இழுபறி. எண்கணிதக்காரர் 'ஏ' எழுத்தை இரட்டிக்கச் சொல்கிறார்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெயர் புதிதுதான், அதில் மாமனாரோடு வாதாட வேண்டாம். ஆனால் அந்த 'இனி' இனிமேல் என்ற 'இனி' அல்ல. 'இன்' என்ற இனிமைச் சொல்லோடு 'இ' என்ற பெண்பால் விகுதி சேர்ந்தது. வேட்டுவக் குலத்து ஆணையும் பெண்ணையும் குறிக்கும் எயினன், எயினி என்பதில் வரும் அதே 'இ'. பாணர் குலத்துப் பாடும் பெண்ணைப் பாடினி என்றார்கள். புறநானூற்றின் 11-ஆம் பாட்டில் பாடினி வருகிறாள். பாடிய புலவரின் பெயரோ பேய்மகள் இளவெயினி. பாடினியை ஒட்டி 'யாழ் இசைப்பவள்' என்றும் கொள்ளலாம். எனக்கு 'யாழ் போல் இனியவள்' என்பதே பிடிக்கும். "குழலினிது யாழினிது" என்று தொடங்கும் 66-ஆம் குறள் காதில் விழுகிறதே! அந்தக் குறளில் யாழ் மழலையிடம் தோற்றுப்போவது தனி வேடிக்கை.

1916-இல் எழுந்த தனித்தமிழ் இயக்கத்துக்குப் பிறகு தேன்மொழி, பூங்கோதை, தமிழ்ச்செல்வி என்று பெயர்கள் பெருகின. யாழினி அவற்றைவிடச் சின்னது, மூன்றே எழுத்து. நந்தினி, மாலினி என்று காதுக்குப் பழகிய வடமொழி ஓசையிலேயே முடிகிறது, நடுவில் ழகரமும் இருக்கிறது. இதன் கவர்ச்சி முக்கால்வாசி அங்கேதான். தமிழினி, மகிழினி எல்லாம் இதே வார்ப்பு.

பெயர்சூட்டு அழைப்பிதழில் வீணைப் படம் போட்டுவிடாதீர்கள். வீணையில் ஒரே நரம்பைத் தண்டின் மேலுள்ள மெட்டுகளில் இடம் மாற்றி அழுத்திப் பல சுரம் எழுப்பலாம். யாழில் சுரத்துக்கு ஒரு நரம்பு. அதனால்தான் பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7. ஈழத்துத் தமிழறிஞர் விபுலானந்தரின் 'யாழ் நூல்' (1947) கிடைத்தால் மாமனாருக்கு வாங்கிக் கொடுங்கள்.

ஆங்கில எழுத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் ழகரத்துக்கு 'இசட் எச்' போடுவது வழக்கம், ஈழத்தவர் பெரும்பாலும் 'எல்' போடுகிறார்கள். முதலாவதைத் தமிழ் தெரியாதவர் 'யாஸ்ஹினி' என்பார், இரண்டாவதை 'யாலினி' என்பார். இரண்டிலும் ழகரம் போய்விடும். 'எல்' வாய்க்குக் கொஞ்சம் சுலபம். நீங்கள் தமிழ்நாட்டில் இருந்தால் 'இசட் எச்' போதும், பார்த்தவுடன் ழகரம் என்று தெரியும். 'ஏ' ஒன்று போதும். இரட்டித்தால் ஒருவர் ஒன்று போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார். பிறப்புச் சான்றிதழ் ஒரு மாதிரி, ஆதார் ஒரு மாதிரி ஆகி, கடவுச்சீட்டு எடுக்கும்போது திருத்தத்துக்கு அலைவீர்கள்.

அவசரமும் இல்லை. பிறப்பு பதிவாகியிருந்தால், 12 மாதம் வரை கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதற்குள் மாமனாரே 'யாழி' என்று கூப்பிட ஆரம்பித்திருப்பார்.