மெய்நிகர் இசைக்கருவிகளும் எஃபெக்ட்களும் நிறைய இருந்தும் வீட்டில் நான் செய்யும் இசை ஏன் உயிரற்று ஒலிக்கிறது?

வீட்டுக் கணினியில் இசையமைக்கும் நீங்கள் மூன்று குறைகளைச் சொல்லியிருக்கிறீர்கள்: கீபோர்டின் கட்டையை அழுத்திய பிறகு ஒலி சற்றுப் பிந்தி வருகிறது, டிராக்குகள் (ஒவ்வொரு கருவிக்குமான தனித்தனிப் பதிவுகள்) கூடக்கூடக் கணினி திணறுகிறது, ஒலியை மாற்றியமைக்கும் எஃபெக்ட்கள் எத்தனை போட்டாலும் இசை உயிரின்றிக் கலங்கலாகவே இருக்கிறது. முதல் இரண்டும் அமைப்புகளைச் சார்ந்தவை என்பதால் விரைவில் தீர்ந்துவிடும். மூன்றாவதற்கான காரணம் பெரும்பாலும் எஃபெக்ட்களில் இருப்பதில்லை. அவற்றுக்கு முந்தைய கட்டத்தில், நீங்கள் பதிந்த மிடித் தகவலிலேயே, அதாவது கருவிக்குத் தரும் வாசிப்புக் கட்டளைகளிலேயே, இருக்கிறது என்பது என் கருத்து.

தாமதத்தைப் பெரிதும் தீர்மானிப்பது பஃபர் அளவு, அதாவது கணினி ஒரு தடவையில் சேர்த்துக் கையாளும் சாம்பிள்களின் (ஒலி மாதிரிகளின்) எண்ணிக்கை. நொடிக்கு 44,100 சாம்பிள் என்ற வேகத்தில் பஃபர் 512 ஆக இருந்தால் அதனால் மட்டும் ஏறத்தாழ 11.6 மில்லிநொடி தாமதம் உண்டாகும். 128 ஆகக் குறைத்தால் அது 3 மில்லிநொடிக்குள் அடங்கும். எனவே வாசித்துப் பதியும்போது சிறிய பஃபரையும் பதிந்தவற்றை ஒன்றுகலக்கும் மிக்ஸிங்கின்போது 1024 போன்ற பெரிய பஃபரையும் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் கணினியில் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கென்று (கணினிக்குள் ஒலியைச் செலுத்தவும் வெளியே எடுக்கவும் உதவும் சாதனம்) தரப்பட்ட, தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ டிரைவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். எல்லா டிராக்குகளும் சேரும் மாஸ்டர் டிராக்கில் போட்டிருக்கும் சில லிமிட்டர்களும் (ஒலியின் உச்சத்தைக் கட்டுப்படுத்துபவை) லீனியர் ஃபேஸ் ஈக்யூக்களும் (அதிர்வெண்களின் அளவைக் கூட்டிக் குறைப்பவற்றில் ஒரு வகை) தம் பங்குக்குத் தாமதத்தைச் சேர்க்கும். ஏற்கெனவே பதிந்த டிராக்குகளுக்கு மென்பொருள் அதை ஈடுசெய்துவிடும் என்றாலும், இப்போது நீங்கள் அழுத்தும் கட்டைக்கு ஈடுசெய்ய இயலாது. பதியும்வரை அவற்றை அணைத்துவைப்பதே வழி. வேலை முடிந்த டிராக்குகளை ஃப்ரீஸ் செய்துவிட்டால், அதாவது தற்காலிகமாக ஒலிக்கோப்பாக மாற்றிவிட்டால், கணினியின் திணறலும் குறையும்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1996-இல் விஎஸ்டியை, அதாவது இசை மென்பொருளில் துணை மென்பொருள்களை இணைக்கும் முறையை, அறிமுகப்படுத்தியபோது அது எஃபெக்ட்களுக்கானதாகவே இருந்தது. இசைக்கருவிகள் 1999-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் சேர்ந்தன. இன்று இரண்டும் பிளக்கின் என்ற ஒரே பெயரில் அடங்கினாலும், கருவி பெறுவது மிடித் தகவலை, எஃபெக்ட் பெறுவது ஒலியை. மிடியில் ஒலி என்பதே இல்லை. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தமாக என்பன போன்ற கட்டளைகள் மட்டுமே உள்ளன. அந்த அழுத்தத்தைக் குறிக்கும் வெலாசிட்டி 1 முதல் 127 வரை செல்லும். சாம்பிள் அடிப்படையிலான ஒரு நல்ல பியானோவில் ஒவ்வொரு சுரமும் மென்மையாகவும் நடுத்தரமாகவும் வன்மையாகவும் தனித்தனியே வாசித்துப் பதியப்பட்டிருக்கும். மவுஸால் சுரங்களை வரைந்து, எல்லாவற்றையும் ஒரே வெலாசிட்டியில் விட்டுவிட்டால், அந்தப் பதிவுகளில் ஓர் அடுக்கு மட்டுமே உங்கள் பாடலில் ஒலிக்கும். மீதியுள்ள அடுக்குகள் வட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா கிடக்க, நீங்கள் அந்தக் குறையை ரிவெர்பால் (கூடத்தில் ஒலிப்பது போன்ற எதிரொலிப்பு) மறைக்க முயல்வீர்கள்.

வயலின் கூட்டம் போன்ற ஒலிகளில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். அத்தகைய கருவிகள் பலவற்றில் நீண்ட சுரங்களின் வலிமையை மாற்றுவது வெலாசிட்டி அன்று. கீபோர்டிலுள்ள, மாட் வீல் எனப்படும் சக்கரம் (மிடியில் முதலாம் கன்ட்ரோலர்). அதைத் தொடாமல் விட்டால் சுரம் தொடங்கிய அளவிலேயே நின்று, வயலின் கூட்டம் ஆர்கனைப் போல ஒலிக்கும். சொற்றொடர் எங்கே எழுந்து எங்கே அடங்குகிறது என்பதை வீலைக் கையால் நகர்த்திப் பதிவது, மென்பொருளிலுள்ள ஹியூமனைஸ் பொத்தானை அழுத்துவதைவிட எவ்வளவோ மேல். அந்தப் பொத்தான் மதிப்புகளைத் தற்செயலாகக் கலைக்கிறதே தவிர, எந்தச் சுரம் முக்கியம் என்பதை அது அறியாது.

எஃபெக்ட்களைப் பொறுத்தவரை, முதலில் கருவிகளுக்குள் இருப்பவற்றை அணையுங்கள். விற்பனைக்கு வரும் பிரீசெட்கள் (ஆயத்த ஒலியமைப்புகள்) தனியாகக் கேட்கும்போது மயக்க வேண்டும் என்பதற்காகவே அவற்றில் ரிவெர்பையும் டிலேயையும் (ஒலியைச் சற்றுப் பிந்தி மீண்டும் ஒலிக்கச் செய்வது) தாராளமாகச் சேர்த்திருப்பார்கள். அப்படிப்பட்ட பத்துக் கருவிகள் சேர்ந்தால் கலங்கல் தவிர வேறென்ன கிடைக்கும்? ரிவெர்பை ஒவ்வொரு டிராக்கிலும் இன்சர்ட்டாக (அந்த டிராக்குக்குள்ளேயே) போடுவதற்குப் பதிலாக, பல டிராக்குகள் பகிரும் ஒரு தனி பஸ்ஸில் நூறு சதவீதம் வெட் அளவில் (மூல ஒலி கலக்காமல்) ஒன்றை வைத்து, தேவையான டிராக்குகளிலிருந்து ஒலியின் ஒரு பங்கைச் சென்ட் வழியாக அனுப்புங்கள். எல்லாக் கருவிகளும் ஒரே கூடத்தில் இருப்பது போன்ற உணர்வு வரும், கணினியின் சுமையும் குறையும். அந்த பஸ்ஸில் ஓர் ஈக்யூவை வைத்து, ஏறத்தாழ 200 அல்லது 300 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதைக் குறைத்தால் பேஸ் (தாழ்ந்த சுரங்களின்) பகுதி தெளியும்.

ஒலியளவின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரெஸரை நான் மெய்நிகர் கருவிகளில் அரிதாகவே போடுகிறேன். ஒரு பாடகரின் குரல் ஏறி இறங்கும்போது அது தேவைப்படலாம். ஆனால் ஒரு சுரம் துருத்திக்கொண்டு நின்றால் அதன் வெலாசிட்டியையே குறைக்க முடிகிறபோது, முழு டிராக்கையும் அமுக்குவானேன்? டிரம்ஸின் தாக்கத்தை வடிவமைப்பதற்கு அதைப் பயன்படுத்துவது வேறு விஷயம். எந்த எஃபெக்டைச் சேர்த்தாலும், அதை அணைத்தும் போட்டும் ஒப்பிடும்போது இரு நிலைகளிலும் ஒலியளவு சமமாக இருக்கும்படி அதன் அவுட்புட்டைச் சரிசெய்துகொள்ளுங்கள். சற்று உரக்கக் கேட்பதைக் காது மேம்பாடு என்றே எடுத்துக்கொள்ளும். அப்படிச் சமப்படுத்திக் கேட்ட பிறகும் வேறுபாடு தெரியவில்லையென்றால் அந்தப் பிளக்கினை நீக்கிவிடலாம்.