ஐஇபி கல்லூரியிலும் செல்லுமா?

செல்லாது. உங்கள் மகனுக்கு அமெரிக்கப் பள்ளியில் ஐஇபி (IEP, மாற்றுத்திறன் உள்ள மாணவருக்குப் பள்ளி வகுக்கும் தனிக் கல்வித் திட்டம்) வழியாகக் கிடைத்த கூடுதல் தேர்வு நேரம் கல்லூரியில் தானாகத் தொடராது. உயர்நிலைப் பள்ளியை முடித்ததற்கான வழக்கமான டிப்ளமா கைக்கு வந்ததும், ஐஇபிக்கு அடிப்படையான ஐடியா (IDEA) என்ற சிறப்புக் கல்விச் சட்டத்தின் உரிமை முடிந்துவிடும். அமெரிக்கக் கல்லூரிகளில் அதற்குப் பதில், மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் ஏடிஏ (ADA) சட்டமும் மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவும்தான்.

கூடுதல் நேரம் கேட்டு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலுக்குக் கல்லூரி பதில் தராததன் காரணம், அநேகமாக, எழுதியது நீங்கள் என்பதுதான். கல்லூரியின் மாற்றுத்திறனாளி சேவை அலுவலகத்தில் மாணவரே விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோருக்கு இது கொஞ்சம் கசக்கும்.

மகனின் மாற்றுத்திறனைப் பற்றிய கடைசி மதிப்பீட்டு அறிக்கையின் தேதியைப் பாருங்கள். பழையதென்றால் சில கல்லூரிகள் புதிது கேட்கும். அந்தச் செலவு கல்லூரியுடையது அல்ல. அப்புறம், பள்ளி முடியும்போது பள்ளி தர வேண்டிய செயல்திறன் சுருக்கத்தை (மாணவரின் திறனையும் தேவைகளையும் சொல்லும் ஆவணம்) கேட்டு வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை: வேலைப் பயிற்சி போன்ற சேவை இன்னும் தேவை என்றால், டிப்ளமா வாங்கும் முன்பே ஐஇபி குழுவிடம் பேசிவிடுங்கள்.