கொல்லிமலையின் நாடுகள்

கேள்வி: கொல்லிமலையில் வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என்று பெயர்ப்பலகைகளைக் கண்டேன். சில வீடுகளே உள்ள இடத்தை நாடு என்பது ஏன்? (வாசகி, ராசிபுரம்)

பதில்: நீங்கள் கண்டவை தனி ஊர்களின் பெயர்கள் அல்ல, பல சிற்றூர்கள் சேர்ந்த தொகுதிகளின் பெயர்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊருக்கு மேலும் வளநாட்டுக்குக் கீழும் நாடு என்னும் பிரிவு இருந்தது. அதே பொருளில் அச்சொல் இம்மலையின் ஊராட்சிப் பெயர்களில் இன்றும் வழங்குகிறது. காரவல்லியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறியவர்கள் மேலே கூர்மையான சிகரத்தை எதிர்பார்ப்பார்கள். ஆனால் அங்கே இருப்பது, ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில், மேடும் பள்ளமுமாக விரிந்து கிடக்கும் நிலம். ஓடையையும், அதையொட்டிய நெல்வயலையும், மேட்டுப் புனத்தையும் பகிர்ந்துகொண்ட சிற்றூர்கள் ஒரு நாடாகச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. அறப்பளீஸ்வரர் கோயில் உள்ள வளப்பூர் நாட்டுக்குச் சென்றால் இந்த அமைப்பு விளங்கும். இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினரைக் கேரளத்தவர் என்று எண்ணிவிடாதீர்கள். அவர்கள் பேசுவது தமிழ், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடம் வழிவழியாக வரும் கதை.

கேள்வி: சாமையும் தினையும் விளையும் மலை என்றார்கள். எங்கும் மரவள்ளியே தெரிகிறதே? (வாசகர், நாமக்கல்)

பதில்: மரவள்ளிக்குச் சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகள் பணம் தருகின்றன; சாமைக்கு அப்படி ஒரு வாடிக்கையாளர் இல்லை. நியாயவிலைக் கடை அரிசியும் வந்த பிறகு, வீட்டுக்கு வேண்டிய தானியத்தை விளைவிக்கும் கட்டாயம் குறைந்தது. இவ்விரண்டையும் பலர் சொல்வார்கள். ஆனால் உரலில் இட்டுச் சாமையின் உமியைப் போக்கும் வேலை முழுவதும் பெண்களின் தோளில் விழுந்திருந்தது என்பதைச் சொல்வோர் குறைவு. அந்த உழைப்பைப் பார்த்தால், அரிசிக்கு மாறிய வீடுகளைக் குறைகூற எனக்கு மனம் வராது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே விதை வங்கிகளோடு உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் கொண்டுவந்தது இதனால்தான். பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, திரிகுலாச்சாமை, மல்லியச்சாமை என்று இம்மலையில் சாமையிலேயே பல வகைகள் உண்டு.